குடியை விட்டபின் இனிப்பு இழுக்கிறதா? ஆறு மணிக்குள் சுண்டல்

வழக்கமாகக் குடிக்க உட்காரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே, அதாவது ஏழு மணிக்கு உட்காருபவர் என்றால் மாலை ஆறு மணிக்குள், ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு அவித்த முட்டையோ சாப்பிட்டுவிடுங்கள். ஜிலேபி, லட்டு மேல் வரும் வெறி ஓரளவு தணியும்.

ஒரு குவார்ட்டர் பிராந்தியில், அதாவது 180 மில்லியில், ஏறக்குறைய 400 கலோரி இருக்கிறது. தினமும் அந்த நேரத்தில் அவ்வளவு வாங்கிப் பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தியதும் வேறெங்காவது தேடத்தான் செய்யும். மது தந்த சுகத்தைக் கொஞ்சமாவது தரக்கூடியது சர்க்கரை என்பதால் மூளையும் அதையே கேட்கிறது. வெறும் வயிறும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். புரதமும் நார்ச்சத்தும் உள்ள சுண்டல் மெதுவாகச் செரிப்பதால் பசி அடங்கியிருக்கும்.

அதன் பிறகும் நாக்கு கேட்டால் ஒரு கடலை மிட்டாய் தின்னுங்கள், குற்றவுணர்ச்சி வேண்டாம். முதல் சில வாரங்களில் கடலை மிட்டாயா கிளாஸா என்றால் என் ஓட்டு மிட்டாய்க்குத்தான்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்குத் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, படபடத்தால் அது ரத்தச் சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். அப்போது சுண்டல் உதவாது. உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். நாள்தோறும் நிறையக் குடித்தவர் நிறுத்திய முதல் சில நாட்களில் நடுக்கம், குழப்பம், வலிப்பு வந்தால் சமையலறைப் பக்கம் போகாமல் நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.