முகம் அப்புறம், முதல்ல துணி: கறுப்பினப் பெண்களோட படைப்புகளைப் பாக்குற விதம்

ஒரு போர்ட்ரெய்ட் முன்னாடி நின்னா எல்லாருக்கும் கண்ணு முகத்துக்குத்தான் போகும். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் வரைஞ்சது, தைச்சதுன்னா அந்தப் பழக்கத்தக் கொஞ்சம் ஓரமா வெச்சிட்டு துணில ஆரம்பிச்சுப் பாருங்க, நாலு தலைமுறைக் கதை அங்கதான் கிடக்கு.

பழகுறதுக்கு மிஷல் ஒபாமா படம் நல்லது, எமி ஷெரால்ட் வரைஞ்சது, 2018ல வாஷிங்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரில திறந்தாங்க. போன்ல எடுத்து முகத்தக் கட்டைவிரலால மறைச்சிடுங்க. மிச்சம் பூரா கவுன்தான், மலை மாதிரி விரிஞ்சு கிடக்கும், வெள்ளைல கறுப்பு சாம்பல் கட்டங்க, அங்கங்க பிங்க், சிவப்பு, மஞ்சள். ஜீஸ் பெண்ட் ஊரு குவில்ட் (துணித்துண்டுங்கள ஒட்டுப் போட்டுத் தைக்கிற போர்வை) ஞாபகம் வந்துச்சுன்னு ஷெரால்டே சொல்லிருக்காங்க. இப்ப விரல எடுங்க, தோல் சாம்பல் நிறத்துல இருக்கும். படம் முடியலையோன்னு நினைக்காதீங்க (நான் நினைச்சேன்), அவங்க எல்லாரையும் அப்படித்தான் வரைவாங்க, பழைய பிளாக் அண்ட் ஒயிட் போட்டோல இருந்து பிடிச்ச பழக்கம்.

அடுத்து அந்த ஜீஸ் பெண்ட் குவில்ட்டயே தேடிப் பாருங்க. அலபாமால ஆறு வளைஞ்சு போற இடத்துல இருக்குற ஊரு, அடிமைகளா இருந்தவங்களோட வம்சம், அந்த ஊருப் பெண்கள் தேஞ்சுபோன வேலைத் துணிய வெட்டி ஒட்டுப் போட்டு குளிருக்குப் போத்திக்கத் தைச்சாங்க. 2002ல அது ஹூஸ்டன் நுண்கலை மியூசியத்துல செவுரு ஏறுச்சு. ஜீன்ஸ் துணில தைச்சதா பாத்து நல்லா ஜூம் பண்ணுங்க, முட்டி இருந்த இடம் வெளுத்துக் கிடக்கும், பாக்கெட்ட பிரிச்சு எடுத்த இடம் மட்டும் சதுரமா அடர் நீலம். வயல்ல மண்டி போட்டவரோட முட்டி அது, எவ்ளோ நேரம் வேணா பாக்கலாம்.

தலைல துணி கட்டிருந்தா அதையும் சும்மா அழகுக்குன்னு விட்டுடாதீங்க. 1786ல லூசியானாவுல ஸ்பெயின் கவர்னர் மிரோ, கறுப்பின, கலப்பினப் பெண்கள் முடிய மறைச்சு துணி கட்டணும்னு ஆர்டர் போட்டாரு, ஒதுக்கி வைக்கத்தான். அவங்க பளிச்சுனு கலர் துணிய உசரமாக் கட்டி அதையே பேஷனாக்கிட்டாங்க. டிக்னான்னு பேரு. அதுக்குக் கட்டம் போட்ட மெட்ராஸ் துணியும் போச்சு, ஆமா, நம்ம கடற்கரைல இருந்து கப்பல் ஏறினதுதான்!

பீசா பட்லர்னு இன்னொரு அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர், அவங்க படம்னா பெயிண்ட்டத் தேடாதீங்க, கன்னம் மூக்கு எல்லாமே துணித்துண்டுதான், ஊதா, ஆரஞ்சுன்னு. அந்தப் பூப்போட்ட வாக்ஸ் பிரிண்ட்ட பாத்த உடனே சுத்த ஆப்பிரிக்கத் துணின்னு எழுதிடாதீங்க, ஜாவா தீவுல மெழுகு வெச்சுச் சாயம் ஏத்துற 'பாட்டிக்' துணிய டச்சு ஆலைங்க காப்பி அடிச்சு, மேற்கு ஆப்பிரிக்கால வித்து, அங்க மக்கள் தன்னோடதா ஆக்கிக்கிட்டது அது.

கடைசியா தைச்சது யாருன்னு கேளுங்க. 1953ல ஜாக்குலினுக்கும் கென்னடிக்கும் கல்யாணம், கவுன் தைச்சது ஆன் லோ, அலபாமால பிறந்த கறுப்பினப் பெண். பத்து நாள் முன்னாடி கடைல தண்ணி புகுந்து கல்யாண கவுனும் நாசம், திரும்ப உக்காந்து தைச்சுக் குடுத்தாங்க, ஆனா அன்னைக்கு வந்த நியூஸ்ல முக்கால்வாசி அவங்க பேரே இல்ல.

ஹாரியட் பவர்ஸ் பைபிள் கதைங்கள வெச்சுத் தைச்ச பைபிள் குவில்ட்டு இப்ப வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு, அத விட்டுடாதீங்க. அடிமையாப் பிறந்தவங்க. பத்து டாலர் கேட்டாங்க, கஷ்டகாலம், 1891ல அஞ்சுக்குக் குடுக்க வேண்டியதாப் போச்சு. வித்த அப்புறமும் அத வாங்கின பெண்மணி வீட்டுக்குப் பல தடவை வந்து பாத்துட்டுப் போனாங்களாம்.