அலமோ முற்றுகையை மூல ஆவணங்களிலிருந்து படிப்பது எப்படி?

1836 பிப்ரவரி 23 முதல் மார்ச் 6 வரை 13 நாள். அப்போது மெக்சிகோவின் வட எல்லையாக இருந்த டெக்சாஸில், சான் அன்டோனியோ தெ பெஹார் ஊருக்குப் பக்கத்தில், பழைய கிறித்தவ மடம் ஒன்றுக்குள், மெக்சிகோ அரசுக்கு எதிராகக் கிளர்ந்த சுமார் 200 பேர் அடைபட்டுக் கிடந்தார்கள். சுற்றிலும் மெக்சிகோ ஜெனரல் சான்டா அனாவின் படை. கடைசி நாள் விடியும் நேரத்தில் மெக்சிகோ வீரர்கள் சுவர் ஏறினார்கள். உள்ளே ஆயுதம் ஏந்தி நின்றவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள். இதுதான் அலமோ.

மூல ஆவணங்களைப் படித்துப் பழக நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த முற்றுகையைத்தான். ஆவணங்கள் சின்னச் சின்னவை. இரண்டு தரப்பும் எழுதியிருக்கிறது. பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முக்கியமாக, அவை ஒன்றோடொன்று கடுமையாக முரண்படுகின்றன. அந்த முரண்பாட்டை எப்படிக் கையாளுவது என்பதைத்தான் இங்கே கற்கப் போகிறோம்.

பின்னணியை நான் விளக்கவில்லை. மெக்சிகோவின் 1824 அரசியல் சட்டம், சான்டா அனா அதைக் கைவிட்டது, அமெரிக்கக் குடியேறிகள், அடிமை முறை பற்றிய தகராறு ஆகியவற்றுக்கு டெக்சாஸ் மாநில வரலாற்றுக் கழகத்தின் இணையக் கலைக்களஞ்சியம் போதும். படித்துவிட்டு வாருங்கள்.

படி 1: கருவிகள்

ஒரு விரிதாள் போதும். கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் எதுவானாலும் சரி. குறிப்பெடுக்கும் செயலிகள் இந்த வேலைக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவற்றில் குறிப்புகள் குவியுமே தவிர, இரண்டு சாட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. விரிதாளில் ஒரு வரிசைக்கு ஒரு கூற்று. ஒரு ஆவணத்தில் பத்துக் கூற்றுகள் இருந்தால் பத்து வரிசை.

ஆவணங்களுக்கு இரண்டு இடங்கள். டெக்சாஸ் மாநில நூலக ஆவணக் காப்பகத்தின் தளம் ஒன்று. வட டெக்சாஸ் பல்கலைக்கழகம் நடத்தும் 'போர்டல் டு டெக்சாஸ் ஹிஸ்டரி' இன்னொன்று. அந்தக் கால டெக்சாஸ் செய்தித்தாளான 'டெலிகிராப் அண்ட் டெக்சாஸ் ரெஜிஸ்டர்' இரண்டாவதில் இருக்கிறது. தேடல் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். மங்கிய அச்சைக் கணினி தப்பும் தவறுமாக வாசித்திருக்கும். பெஹார் என்ற பெயரையே எக்ஸ் எழுத்தை வைத்தும் ஜே எழுத்தை வைத்தும் எழுதியிருப்பார்கள். மார்ச், ஏப்ரல் இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதுதான் பலன் தரும்.

படி 2: மூன்று ஆவணங்களோடு தொடங்குங்கள்

முதலாவது, கோட்டைக்குள் தலைமை ஏற்றிருந்த வில்லியம் டிராவிஸ் பிப்ரவரி 24 அன்று எழுதிய கடிதம். டெக்சாஸ் மக்களுக்கும் உலகிலுள்ள எல்லா அமெரிக்கர்களுக்கும் என்று விளித்து உதவி கேட்கிறார். 1893-இல் மாநில அரசு இதை அவருடைய வாரிசிடமிருந்து 85 டாலருக்கு வாங்கியது. தட்டச்சு செய்த வடிவம் எங்கும் கிடைக்கும், ஆனாலும் ஸ்கேன் படத்தைத் திறந்து பாருங்கள். 'வெற்றி அல்லது மரணம்' என்ற கடைசிச் சொற்களுக்குக் கீழே மூன்று கோடுகள் இழுத்திருக்கிறார். அதன் பின்குறிப்பையும் விடாதீர்கள். எதிரி கண்ணில் பட்டபோது மூன்று புஷல் (அக்காலத் தானிய அளவு) சோளம்கூடக் கையில் இல்லை, பிறகு ஆளில்லாத வீடுகளில் 80, 90 புஷல் கிடைத்தது, 20, 30 மாடுகளை உள்ளே ஓட்டி வந்தோம் என்று எழுதுகிறார். இந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டுபவர்கள் பலரும் வீர வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முற்றுகை என்பது சோற்றுக் கணக்கும்தான்.

இரண்டாவது, சான்டா அனாவின் பக்கத்திலேயே இருந்த கர்னல் ஹுவான் அல்மோன்டேயின் நாட்குறிப்பு. காற்று எந்தப் பக்கம் அடித்தது, வெப்பமானி எத்தனை காட்டியது என்பதையும் எழுதி வைத்தவர்.

மூன்றாவது, மார்ச் 5 அன்று வெளியான தாக்குதல் ஆணை. எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இது. உணர்ச்சியே கிடையாது. நான்கு படைப்பிரிவுகள்: முதல் இரண்டுக்கும் தலா 10 ஏணி, மூன்றாவதற்கு 6, நான்காவதற்கு 2. கூடவே கடப்பாரை, கோடாரி. வீரர்கள் போர்வை, மேலங்கி எடுத்து வரக் கூடாது. எல்லோர் காலிலும் காலணியோ செருப்போ இருக்க வேண்டும். தொப்பி வாரைத் தாடைக்குக் கீழே இறுக்கிக்கொள்ள வேண்டும். பயிற்சி போதாத புது ஆட்கள் இருப்பிடத்திலேயே இருக்க வேண்டும். எந்தப் பிரிவுகள் முக்கியமாகச் சுவர் ஏற வேண்டியிருந்தது என்பதை ஏணிக் கணக்கிலிருந்தே ஊகிக்கலாம்.

படி 3: மூன்று தேதிகள்

இந்த இடத்தில்தான் நான் நெடுநாள் திணறினேன். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

மூல ஆவணம் என்றதும் சம்பவ இடத்தில் இருந்தவர் அப்போதே எழுதியது என்று மனம் தானாக எடுத்துக்கொள்கிறது. அலமோவில் அப்படிப்பட்டவை கொஞ்சம்தான். எனவே ஒவ்வொரு கூற்றுக்கும் மூன்று தேதிகளுக்குத் தனித்தனி நெடுவரிசை போடுங்கள்: சம்பவம் நடந்த தேதி, அது எழுத்தில் ஏறிய தேதி, அது அச்சில் வந்த தேதி. நான்காவதாக, செய்தி எத்தனை கை மாறி வந்தது என்று ஒரு நெடுவரிசை.

டிராவிஸ் கடிதத்துக்கு முதல் இரண்டு தேதியும் ஒன்றுதான். கைமாற்றமும் இல்லை. சரி.

அல்மோன்டேயின் குறிப்பும் அன்றன்றே எழுதியதுதான். ஆனால் அந்த நாட்குறிப்பு, சான்டா அனாவை டெக்சாஸ்காரர்கள் தோற்கடித்த சான் ஹசின்டோ போருக்குப் பிறகு டெக்சாஸ்காரர்கள் கையில் சிக்கியது. 1836 ஜூனில் நியூயார்க் ஹெரால்டு அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டது. ஸ்பானிய மூலம் இன்று இல்லை. ஆக நாம் படிப்பது எதிர் முகாமில் யாரோ செய்த மொழிபெயர்ப்பை. தேதி, எண், காற்றின் திசை போன்றவற்றில் இதனால் பெரிய ஆபத்து இல்லை. ஒரு சொல்லின் தொனியை வைத்து வாதம் செய்யப் போனால்தான் ஆபத்து.

அடுத்து, டிராவிஸ் தன் வாளால் மண்ணில் கோடு கிழித்து, சாகத் துணிந்தவர்கள் தாண்டி வாருங்கள் என்றாராமே, அந்தக் கதை. சம்பவ நெடுவரிசையில் 1836. அச்சு நெடுவரிசையில் 1873. எழுதியவர் வில்லியம் ஜூபர். அவர் அலமோவில் இருந்தவரல்லர். தப்பி வந்த மோசஸ் ரோஸ் என்பவர் தன் பெற்றோரிடம் சொன்னதைப் பெற்றோர் தனக்குச் சொன்னதாக எழுதுகிறார். டிராவிஸ் பேசிய பேச்சில் தன் கைச்சரக்கு உண்டு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். விரிதாளில் இதைப் பதிந்து முடித்ததும் அந்த வரிசையை என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அழித்துவிடாதீர்கள். 1870-களில் டெக்சாஸ் தன்னைப் பற்றி என்ன நம்ப விரும்பியது என்பதற்கு அது நல்ல சான்று.

கடினமான உதாரணம் ஹோசே என்ரிக்கே தே லா பென்யா. மெக்சிகோ படை அதிகாரி. அலமோவுக்குள் இருந்த புகழ்பெற்ற அமெரிக்கர் டேவிட் கிராக்கெட் சண்டையில் சாகவில்லை, பிடிபட்ட சிலரோடு சேர்த்துச் சான்டா அனாவின் உத்தரவால் கொல்லப்பட்டார் என்று எழுதியிருப்பவர். அது அச்சானது 1955-இல். ஆங்கிலத்தில் வந்தது 1975-இல். போலி என்று ஒரு தரப்பு சொல்ல, பெரிய சண்டையே நடந்தது. கையெழுத்துப்பிரதி இப்போது ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பரிசோதித்ததில் தாள் அந்தக் காலத்தது என்றே முடிவு வந்தது. ஆனால் இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இதை பென்யாதான் எழுதினாரா என்பது ஒன்று. அவர் எழுதியது நடந்ததா என்பது இன்னொன்று. தாள் பரிசோதனை முதல் கேள்விக்கு மட்டுமே உதவும். கிராக்கெட்டை முன்பின் பார்த்திராத ஒருவர், விடிகாலைப் புகையில், அவரை எப்படி அடையாளம் கண்டார்? அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

படி 4: ஒரு நாளை எடுத்து இரண்டு பக்கமும் பாருங்கள்

13 நாளையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். பிப்ரவரி 25-ஐ எடுங்கள். அன்று டிராவிஸ் டெக்சாஸ் படைத் தளபதி சாம் ஹூஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில், காலை 10 மணிக்கு 200, 300 மெக்சிகோ வீரர்கள் ஆற்றைத் தாண்டி வீடுகளின் மறைவில் நெருங்கினார்கள் என்கிறார். சண்டை இரண்டு மணி நேரம் நடந்தது, தங்கள் ஆட்கள் வெளியே ஓடி அந்த வீடுகளுக்குத் தீ வைத்தார்கள், எதிரிகள் பலர் காயப்பட்டார்கள், தங்கள் தரப்பில் ஒருவரும் சாகவில்லை என்கிறார். அதே நாளுக்கு அல்மோன்டே எழுதியிருப்பது: இரண்டு பேர் சாவு, ஆறு பேருக்குக் காயம்.

இரண்டும் பொருந்துகின்றன. எதிரிகளான இருவர், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், ஒரே மாதிரிச் சொன்னால் அந்தக் கூற்றுக்கு நல்ல பலம். விரிதாளில் பச்சை நிறம் கொடுங்கள். அலமோவில் பச்சை வரிசைகள் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் இதுபோன்ற சின்னச் சின்ன விஷயங்களில்தான்.

படி 5: எண்கள்

மார்ச் 6 காலை சான்டா அனா அனுப்பிய அறிக்கை, எதிர்த்தரப்பில் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாகச் சொல்கிறது. அல்மோன்டே 250 என்கிறார். சான்டா அனாவின் செயலாளராக இருந்த ராமோன் மார்த்தினஸ் காரோ 1837-இல் எழுதும்போது, 600 என்று எழுதியது என் கைதான், அவர் சொல்லி எழுதினேன், உண்மையில் 183 என்கிறார். சடலங்களை எரிக்கும் வேலையைச் செய்வித்த ஊர்த் தலைவர் பிரான்சிஸ்கோ ரூயிஸ் 182 என்கிறார். காரோவுக்குத் தன் பழைய எஜமானர் மேல் கசப்பு உண்டு. ஆனாலும் அந்தக் கசப்போடு சம்பந்தமே இல்லாத ரூயிஸ் கிட்டத்தட்ட அதே எண்ணைத் தருகிறார்.

இப்போது மெக்சிகோ தரப்பு இழப்பைப் பாருங்கள். அல்மோன்டே கணக்கில் சாவு 65, காயம் 223. ஜெனரல் அன்ட்ராடேயின் அறிக்கையில் இரண்டும் சேர்த்து 311. சான்டா அனாவோ சுமார் 70 சாவு, 300 காயம் என்கிறார். ரூயிஸ் மட்டும் 1,600 என்கிறார். தாக்குதலில் இறங்கியவர்களே சுமார் 1,400 முதல் 1,800 பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 1,600 நடக்கவே முடியாது.

அப்படியானால் ரூயிஸை நம்புவதா, வேண்டாமா? அப்படிக் கேட்பதே சரியில்லை. 182 என்பது தன் மேற்பார்வையில் எரிந்த சடலங்களின் எண்ணிக்கை. 1,600 என்பது ஊகம். சாட்சிக்கு மதிப்பெண் போடாதீர்கள், கூற்றுக்குப் போடுங்கள். ஒரு வரிசைக்கு ஒரு கூற்று என்று தொடக்கத்திலேயே சொன்னதன் காரணம் இதுதான்.

படி 6: எழுதத் தெரியாதவர்கள், எழுத விடப்படாதவர்கள்

உள்ளே இருந்து பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பீரங்கிப் படை அதிகாரியின் மனைவி சூசன்னா டிக்கின்சனுக்கு எழுதத் தெரியாது. அவர் சொன்னதாக இருப்பவை எல்லாம் பிறர் பதிந்தவை, பெரும்பாலும் பல பத்தாண்டுகள் கழித்து. சிறுவனாக உள்ளே இருந்த என்ரிக்கே எஸ்பார்சா, செய்தித்தாளுக்குப் பேட்டி கொடுத்தது 1900-களில். கேட்டவர் என்ன கேட்டார் என்பதும் அதில் கலந்திருக்கும்.

டிராவிஸின் அடிமை ஜோ பிழைத்து வந்து டெக்சாஸ் தலைவர்களிடம் நடந்ததைச் சொன்னார். அதைக் கேட்ட வில்லியம் கிரே மார்ச் 20 அன்று நாட்குறிப்பில் எழுதினார். சம்பவம் நடந்து இரண்டு வாரம்தான், ஒரே ஒரு கைமாற்றம். படி 3-இன் கணக்குப்படி இது முதல் வரிசைச் சான்று. இதை ஓரமாக வைத்துவிட்டு 1873 கதையை முன்னால் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஜோவைப் பற்றிய இன்னொரு ஆவணமும் உண்டு. 1837 ஏப்ரல் 21, சான் ஹசின்டோ வெற்றியின் முதலாம் ஆண்டு நாளில், அவர் தப்பி ஓடினார். பிடித்துத் தருபவருக்கு 50 டாலர் என்று டிராவிஸின் சொத்து நிர்வாகி டெலிகிராபில் விளம்பரம் கொடுத்தார். அந்த இதழைத் தேடி எடுத்து, டிராவிஸ் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

பின்சேர்க்கை

பதிவைப் படித்துவிட்டுச் சிலர், பிப்ரவரி 23 முதல் மார்ச் 6 வரை எண்ணினால் 12 நாள்தானே வருகிறது என்று கேட்டிருந்தார்கள். 1836 லீப் ஆண்டு; பிப்ரவரிக்கு 29 நாள். விரிதாளில் தேதிகளைத் தேதி வடிவத்தில் போடாமல் வெறும் எழுத்தாகவே போடுவது நல்லது. எக்செல் 1900-க்கு முந்தைய தேதிகளைத் தேதியாக ஏற்காது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் எழுத்தாக இருந்தாலும் சரியாக வரிசைப்படும்.

ஸ்பானியம் தெரியாமல் முடியுமா என்பது இன்னொரு கேள்வி. அச்சிட்ட ஸ்பானிய அறிக்கைகளுக்கு இயந்திர மொழிபெயர்ப்பு போதும். இரண்டு வெவ்வேறு கருவிகளில் போட்டு ஒப்பிடுங்கள். கையெழுத்துப்பிரதிகளுக்கு அது உதவாது. அவற்றுக்கு அறிஞர்கள் படித்து அச்சிட்ட பாடத்தையே எடுத்துக்கொண்டு, கைமாற்ற நெடுவரிசையில் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.