மேப்பிள் துளை ஏன் பாதியில் வற்றுகிறது? பின்வளவுக்காரருக்கான செய்முறை

போன வருடம், சிரப் காய்ச்சுவதற்காகத் துளையிட்டுச் சாறு எடுக்கும் எங்கள் பின்வளவு மேப்பிள் மரங்கள் மூன்றும் மார்ச் நடுவிலேயே சொட்டுவதை நிறுத்திவிட்டன. பக்கத்து வீட்டு வாளியோ ஏப்ரல் தொடக்கம் வரை நிறைந்துகொண்டே இருந்தது. ஒரே தெரு, ஒரே குளிர். என் மரத்தில் நீர் வற்றவில்லை, வாசல்தான் அடைபட்டிருந்தது.

மரத்துக்குள் இருக்கும்வரை சாற்றில் கிருமி இல்லையென்றே சொல்லலாம். துளை போட்டதும் பக்டீரியா உள்ளே போய், சாற்றிலுள்ள 2 சதவீதச் சர்க்கரையில் வளர்ந்து, துளைச் சுவரில் வழுவழுப்பான படலம் கட்டுகிறது. மரமும் காயத்தை உணர்ந்து தன் நாளங்களை அடைத்துக்கொள்கிறது. வாளியில் சாறு கலங்கினால் கண்ணுக்குத் தெரியும். துளைக்குள் நடக்கும் இந்த அடைப்புத் தெரியாது.

எந்த மரம், எவ்வளவு பருமன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. அவசரப்படாதீர்கள். துளை போட்ட அன்றே அதன் ஆயுள் எண்ணப்படத் தொடங்கிவிடும். ஜனவரியில் இரண்டு நாள் வெயில் அடித்தது என்று டிரிலைத் தூக்காதீர்கள். தெற்கு ஒன்ராறியோவில் நான் பெப்ரவரி கடைசி வரை பொறுப்பேன். இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்கள் தொடர்ந்து வரவேண்டும்.

2. ஸ்பைல், அதாவது சாறு வடியத் துளையில் அடிக்கும் சிறு குழல். நான் சறுக்கியது இங்கேதான். முந்திய வருடத்து பிளாஸ்டிக் ஸ்பைல்களைச் சுடுதண்ணீரில் அலசிவிட்டுத் திரும்பவும் அடித்தேன். பிறகு ஒன்றை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால், உள்ளே தேநீர்க் கறைபோல ஒரு படலம். விரலால் தேய்த்தால் வழுக்கியது. புதுத் துளைக்குப் பழைய கிருமியை நானே குடிவைத்திருக்கிறேன்!

இப்போது வருடாவருடம் புது 5/16 அங்குல பிளாஸ்டிக்தான் வாங்குகிறேன். ஒன்று ஒரு டொலர்கூட வராது. எவர்சில்வர்தான் வேண்டுமென்றால் நன்றாகக் கொதிக்கவைத்து எடுங்கள்.

வாளிக்குப் பதிலாக நீளக் குழாய் பூட்டுபவர்கள் இன்னும் கவனிக்கவேண்டும். இரவில் உறையும்போது மரம் நீரைத் திருப்பி உறிஞ்சும், குழாயில் நிற்கும் பழைய சாறும் அதோடு உள்ளே போகும். இதைத் தடுக்கத்தான் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் புரொக்டர் ஆய்வு நிலையத்தில், உள்ளே சிறு பந்து வைத்த ஒருவழி ஸ்பைலை உருவாக்கினார்கள். குழாய் என்றால் அதை வாங்குங்கள். வாளிக்குத் தேவையில்லை.

3. துளை. கூரான, சுத்தமான டிரில் அலகு. 4–5 செ.மீ. ஆழம், நீர் வடிய உள்பக்கம் சற்று மேல்நோக்கிய சரிவு. தூள் வெள்ளையாக வரவேண்டும், பழுப்பு வந்தால் அது பழைய காயம், இடம் மாற்றுங்கள். தூளை வாயால் ஊதாதீர்கள், நானும் முதல் வருடம் ஊதினேன். வாயிலுள்ளதெல்லாம் நேரே துளைக்குள் போகும். பிளீச்சும் ஊற்றவேண்டாம். ஒருகாலத்தில் பாராஃபார்மால்டிஹைட் மாத்திரையைத் துளைக்குள் வைத்தார்கள். நீர் அதிகம் வந்தது, மரம் உள்ளுக்குள் உக்கியது. இப்போது கனடாவிலும் அமெரிக்காவிலும் அதற்குத் தடை.

4. சேகரிப்பு. பால் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மூடியுள்ள வாளி, தினமும் எடுப்பு, 4 பாகை செல்சியஸுக்குக் கீழே வைப்பு. நிழலில் பனிக்குள் புதைத்தாலும் சரி. இயன்றால் அன்றைக்கே காய்ச்சுங்கள். பக்டீரியா சுக்ரோஸை குளுக்கோஸ், பிரக்டோஸாக உடைக்கும், அந்தச் சாறு காய்ச்சும்போது சிரப் கறுக்கும். கறுப்பு கெடுதல் இல்லை, தோசைக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் சாறு நூல்போல இழுபட்டால் கொட்டிவிடுங்கள்.

5. முடிவில் கழுவல். வாளி, குழாய்க்கு மணமில்லாத பிளீச் 1 பங்கு, தண்ணீர் 20 பங்கு. மூன்று தரம் அலசி, நன்றாகக் காயவையுங்கள். குழாயில் பிளீச் உப்பு மிஞ்சினால் அணில் வந்து கடிக்கும்.

பிற்சேர்க்கை: "கருப்பணி (புளிக்காத இனிப்புப் பனஞ்சாறு) இறக்கும் முட்டியில் சுண்ணாம்பு பூசுவதுபோல இதற்கும் பூசலாமா?" என்று ஒரு அண்ணர் கேட்டிருந்தார். வேண்டாம் அண்ணை. ஊர் வெக்கையில் பனஞ்சாறு சில மணித்தியாலத்தில் புளித்துக் கள்ளாகிவிடும், அதற்குச் சுண்ணாம்பு தேவை. இங்கே அந்த வேலையைக் குளிரே செய்கிறது. போதாததற்கு, கனடாவில் மேப்பிள் சாற்றிலிருந்து மட்டுமே செய்ததைத்தான் மேப்பிள் சிரப் என்று விற்கலாம்.