நீலகிரிக்குப் பருவமழையைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 2009 நவம்பரில் கேத்தியிலும் அப்படியே. முன்னது தென்மேற்குப் பருவமழை, பின்னது வடகிழக்கு. நேர்கோட்டில் பார்த்தால் இரண்டு ஊருக்கும் 20 கி.மீ. தூரம்தான். பருவகாலக் கணிப்புக்கான காலநிலை மாதிரிகள், அதாவது கணினிக் கணக்கீடுகள், நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும். பலவற்றில் ஒரு கட்டத்தின் அகலமே ஏறத்தாழ 100 கி.மீ. 2,637 மீட்டர் தொட்டபெட்டாவும், அடிவார மேட்டுப்பாளையமும், மைசூர் பீடபூமியும் சராசரியாகி, அங்கே மலை ஒரு மேடாகச் சுருங்கிவிடும். மழை மறைவுப் பக்கம் என்பதே அதில் இருக்காது.

ஆகவே அந்தக் கட்டத்தின் மி.மீ. மதிப்பை எடுத்து 'ஊட்டிக்கு இவ்வளவு' என்று சொல்வதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே. மாதிரியிலிருந்து தென்னிந்தியா அளவிலான பரந்த பகுதியின் சராசரியை எடுங்கள். கூடலூர், பந்தலூருக்கு ஜூன்–செப்டம்பர், குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர்–டிசம்பர் என்று பிரித்து, குறைந்தது 30 ஆண்டு மழைமானிப் பதிவுகளோடு தனித்தனியே தொடர்புபடுத்துங்கள். மாவட்டம் முழுவதற்கும் ஒரே சமன்பாடு போட்டால் இரண்டு சரிவுக்கும் பொருந்தாது.

மாதிரியின் சாய்வை (தொடர்ந்து ஒரே பக்கமாகக் கூட்டியோ குறைத்தோ காட்டும் பிழையை) திருத்தும்போது, ஏப்ரலில் தொடங்கிய ஓட்டத்தை (கணக்கீட்டை) அதே மாதிரிப் பதிப்பின் பழைய ஏப்ரல் ஓட்டங்களோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். மே ஓட்டத்தின் சாய்வு வேறு. மழையில் வித்தியாசத்தைக் கழித்தால் சில ஆண்டுகளுக்கு எதிர்மறை மழை வரும். விகிதத்தால் திருத்துங்கள், அதுவும் பருவ மொத்தத்துக்கு. பிப்ரவரி போன்ற வறண்ட மாதத்தில் வகுக்கும் எண் சிறியதாகி விகிதம் எகிறிவிடும். சோதிக்கும் ஆண்டைத் திருத்தக் கணக்கில் சேர்ப்பது, விடைத்தாளைப் பார்த்துக்கொண்டே தேர்வு எழுதுவதற்குச் சமம். அந்த ஆண்டை விலக்கிவிட்டே கணக்கிடுங்கள்.

முன்னறிவிப்பு 'குறைவு 45, இயல்பு 30, மிகுதி 25 சதவீதம்' என்றால் மழை பொய்க்கும் என்று படிக்கக் கூடாது. எதுவும் தெரியாத நிலையில் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். அது 45 ஆகியிருக்கிறது, அவ்வளவே. குறையாமலிருக்க இன்னும் 55 சதவீத வாய்ப்பு உண்டு. இதை நம்பி நிலத்தைத் தரிசாகப் போட வேண்டாம்.

'இயல்பு' என்ற சொல்லே குழப்பும். இந்திய வானிலை ஆய்வுத் துறை தென் தீபகற்பத்துக்குத் தரும் வடகிழக்குப் பருவ முன்னறிவிப்பில் இயல்பு என்பது நீண்டகாலச் சராசரியில் 88–112 சதவீதம். அதே துறை பெய்த மழையைக் கணக்கிடும் மாவட்டப் பட்டியலில் 19 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் இயல்புதான். 15 சதவீதம் குறைந்த பருவம் ஓர் அளவுகோலில் குறைவு, மற்றதில் இயல்பு. முன்னறிவிப்பு பலித்ததா என்று பார்க்கும்போது ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தாலே வறட்சி என்பதும் இந்த மலைக்குப் பாதிதான் பொருந்தும். தென்மேற்குப் பருவமழையை அது பெரும்பாலும் குறைக்கும். வடகிழக்கைப் பெரும்பாலும் கூட்டும். அந்தக் கடல் குளிரும் லா நினாவில் இது தலைகீழ். ஆனாலும் 2021 லா நினா ஆண்டில் தமிழகத்தில் வடகிழக்கு மழை இயல்பைவிட மிக அதிகம். தவிர, பிப்ரவரி, மார்ச்சில் பசிபிக்கைப் பற்றிச் சொல்லப்படும் கணிப்பு நம்பகம் குறைந்தது. தென்மேற்குப் பருவத்துக்கு மே இறுதியில் வரும் திருத்திய அறிவிப்பைப் பாருங்கள். ஆண்டின் பிற்பகுதிப் பயிரான கடைபோகத்துக்கு ஆகஸ்டிலேயே விதைக்க வேண்டியிருப்பதால், பின்னால் வரும் வடகிழக்கு அறிவிப்புக்குக் காத்திருக்க முடியாது. மாதந்தோறும் வரும் உலக மாதிரிகளின் சாத்தியக்கூறுகளைப் பார்த்து, விதைப்பை இரண்டு மூன்று தவணையாகப் பிரிப்பது நல்லது.

சில ஆண்டுகளில் பருவ மொத்தம் இயல்பாகவே இருக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு இரண்டே நாளில் பெய்திருக்கும். மண்சரிவு அபாயத்துக்குப் பருவ முன்னறிவிப்பை ஒருபோதும் நம்பாதீர்கள். அதற்கு அன்றாட எச்சரிக்கையும் பக்கத்து மழைமானியின் அளவும்தான் வேண்டும்.