மணல் தோட்டத்தில் கேரெக்ஸ் பான்சா: நடவும் பராமரிப்பும்

கலிபோர்னியாவின் கடலோர மணல்மேடுகளில் தானாகப் படரும் குட்டைக் கோரை கேரெக்ஸ் பான்சா. புல்தரைக்குப் பதிலாக இதை நடலாம். ஒரு சாண் உயரம்தான். மண்ணுக்கடியில் தண்டு ஓட்டிப் பரவும். நம் வயல்களில் தலைவலி கொடுக்கும் கோரைக்கிழங்கு வகையல்ல. இது கிழங்கு வைக்காது.

வேலையில் பாதி நடவுக்கு முன்பே முடிய வேண்டும். பழைய புல்தரையில் அருகம்புல் இருந்தால் ஒரு கணுக்கூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் கோரைக்குள் பின்னிக்கொள்ளும். அப்புறம் பிரித்தெடுக்கவே முடியாது. கலிபோர்னியாவின் வெயில் காயும் உள்பகுதிகளில், ஜூனில் மண்ணை நனைத்து நிறமற்ற பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களில் மண் அணைத்து 6 முதல் 8 வாரம் விடுங்கள். ஆழத்துத் தண்டு அதற்கும் தப்பும். தாளை எடுத்தபின் தண்ணீர் விட்டு, துளிர்ப்பதைத் தோண்டி எடுக்க வேண்டும். மூடுபனி கவியும் கடலோரத்தில் இந்த முறை எடுபடாது, மண்வெட்டிதான் கதி.

விதையை நம்பாமல் குழித்தட்டு நாற்று வாங்குங்கள். கேரெக்ஸ் ப்ரேகிராசிலிஸ் என்ற உயரமான இனம் இதே பெயரில் விற்கப்படுவதுண்டு, கேட்டு வாங்குவது நல்லது. 30 செ.மீ. இடைவெளிக்குச் சதுர மீட்டருக்கு 11 நாற்று போதும். ஆனால் 20 செ.மீ. விட்டு 25 நட்டால் தரை சீக்கிரம் மூடும், களையெடுப்பும் குறையும்.

மழை தொடங்கும் அக்டோபர், நவம்பரில் நடுங்கள். நடவுக்கு முந்தின நாளே தட்டை நன்றாக நனைத்து வையுங்கள். குருத்து மண்மட்டத்தில் நிற்க வேண்டும், புதைந்தால் அழுகும். நாற்றுகள் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: நர்சரிக் கலவை ஒருமுறை காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது, சுற்றியுள்ள மணல் ஈரமாக இருந்தாலும் வேர்க்கட்டி உள்ளே வறண்டுவிடும். அதனால் மழையில்லாத நாட்களில், முதல் 3 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடுங்கள். மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடிமானம் தெரிந்தால் வேர் வெளியே ஓடிவிட்டது.

உரம் வேண்டாம், களைக்குத்தான் லாபம். முதல் கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாகப் பாய்ச்சுங்கள். அடுத்த ஆண்டிலிருந்து கடலோரத்தில் அநேகமாகத் தேவைப்படாது. உள்பகுதிகளில் 2 வாரத்துக்கு ஒருமுறை பாய்ச்சாவிட்டால் பழுப்பாகும்.

வெட்டுவதென்றால் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை, 8 செ.மீ. விட்டு. பாத்தியை ஒட்டிப் பூச்செடிகள் இருந்தால் ஓரத்தில் 20 செ.மீ. ஆழத்துக்குத் தடுப்பு பதியுங்கள். நடந்தால் தாங்கும், பந்து விளையாட்டு தாங்காது.