தொற்றுக்காலத்தில் மருந்து ஆய்வுக்குக் கூப்பிட்டால்: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

அடுத்த பெருந்தொற்று எப்போது வந்தாலும் சரி, யாராவது ஒரு படிவத்தை நீட்டி "இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்று கேட்கத்தான் போகிறார்கள். அப்பா உள்ளே ஆக்ஸிஜனில் இருக்கும்போது வராந்தாவில் நின்று பத்துப் பக்கம் படிக்க யாராலும் முடியாது. இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: இது சிகிச்சையா, ஆய்வா? நேராக இப்படியே கேளுங்கள். கோவேக்சின் என்ற கொரோனா தடுப்பூசியின் மூன்றாம் கட்ட ஆய்வு நடந்தபோது போபாலில், விஷவாயுக் கசிவில் ஏற்கனவே அடிபட்ட பகுதிகளைச் சேர்ந்த சிலர், தடுப்பூசி போட்டு 750 ரூபாயும் தருகிறார்கள் என்று நினைத்துத்தான் போனோம், ஆய்வு என்று யாரும் சொல்லவில்லை என்றார்கள். நடத்தியவர்கள் மறுத்தார்கள். படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தான பிறகு ஒரு நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். நகல் தராவிட்டால் கிளம்பி வந்துவிடுங்கள்.

"எனக்கு மருந்தே இல்லாத டம்மி ஊசி விழுமா?" விழலாம், அதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கும், டாக்டர் இல்லை. மக்கள் சாகும்போது பாதிப் பேருக்கு மருந்து தராமல் இருப்பது அநியாயம் இல்லையா என்று கோபம் வரும். ஆனால் கொரோனாவிலிருந்து மீண்டவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்து நோயாளிகளுக்கு ஏற்றிய பிளாஸ்மாவை நினைத்துப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் ஆய்வு செய்து, பிளாஸ்மா மரணத்தைக் குறைக்கவில்லை என்று 2020-லேயே சொல்லிவிட்டது. அதற்கப்புறமும் இரண்டாவது அலையில் குடும்பங்கள் வாட்ஸ்அப்பில் பிளாஸ்மா கேட்டு அலைந்தன, சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து அது நீக்கப்பட்டது 2021 மே மாதத்தில்தான். மறுபக்கம், டெக்ஸாமெத்தசோன் என்ற விலை மலிவான பழைய மருந்து வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் காட்டியது. மருந்து கிடைக்காத ஒரு குழு இருந்ததால்தான் இரண்டுமே தெரிய வந்தன. என்னைக் கேட்டால், சோதிக்காத மருந்தை எல்லோருக்கும் ஏற்றுவதுதான் பெரிய தப்பு.

அதனால் டம்மி இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கும் வழக்கமான சிகிச்சை முழுசாகக் கிடைக்குமா, பாதியில் மருந்துக்கு அனுமதி வந்துவிட்டால் நான் எந்தக் குழு என்று சொல்வீர்களா, எனக்கும் அதைத் தருவீர்களா என்று கேளுங்கள்.

அப்புறம் பணம். 2019-ஆம் ஆண்டு புதிய மருந்துகள் விதிகளின்படி, ஆய்வில் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவச சிகிச்சை உண்டு; ஆய்வால்தான் ஆனது என்று முடிவானால் இழப்பீடும் உண்டு. சிக்கல் அந்த "ஆய்வால்தான்" என்பதில் இருக்கிறது. 2020-ல் கோவிஷீல்டு கொரோனா தடுப்பூசி ஆய்வில் சேர்ந்த சென்னைத் தன்னார்வலர் ஒருவர் நரம்புப் பாதிப்பு வந்தது என்று 5 கோடி கேட்டார். நிறுவனமோ தடுப்பூசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மறுத்ததோடு, 100 கோடி கேட்டு வழக்குப் போடுவோம் என்றது. சம்பந்தம் உண்டா இல்லையா என்று யார் முடிவு செய்வார்கள், அதுவரை ஆஸ்பத்திரி செலவு யாருடையது என்பதைப் படிவத்தில் விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளின் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யில் இந்த ஆய்வின் பதிவு எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள், இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். எண் இல்லை என்றால் பேச்சே வேண்டாம். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதற்காக சிகிச்சையைக் குறைக்கக் கூடாது.

படிவத்தில் ஆய்வு மருத்துவரின் போன் நம்பரும் ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் எத்திக்ஸ் கமிட்டியின் நம்பரும் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அங்கேயே நின்று இரண்டுக்கும் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால், ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் ஏறினால் யாரைக் கூப்பிடுவது என்று படிவம் நீட்டியவரிடமே கேளுங்கள்.