சூப்பர்வைசர் ஆன புதிதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டைக்கு வந்து, உலோகம் கடையும் லேத்தில் தொடங்கி, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி மெஷினுக்கு ஆபரேட்டராகி, ஏழெட்டு வருடத்தில் ஷிப்ட் சூப்பர்வைசர் ஆனவர்கள் நம்மில் நிறையப் பேர். நானும் அப்படி வந்தவன்தான். நன்றாக மெஷின் ஓட்டுகிறோம் என்பதற்காகத்தான் அந்தப் பொறுப்பைக் கொடுக்கிறார்கள். ஆனால் மெஷின் ஓட்டுகிறவர்களை வழிநடத்துவது வேறு வேலை. அதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

முதல் தவறு, எல்லாவற்றையும் நாமே செய்வது. இதில் நான் இரண்டு வருடம் சிக்கிக் கிடந்தேன். டர்னிங்கில், அதாவது சுழலும் பீஸைக் கடையும்போது, இன்சர்ட் என்கிற வெட்டும் முனை தேயத் தேய பீஸின் வெளிவிட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். 0.02 மில்லிமீட்டர் கூடினால் ஆஃப்செட்டில், அதாவது டூல் நிற்கும் இடத்தைத் திருத்த மெஷினில் போடும் எண்ணில், மைனஸ் 0.02 போட வேண்டும். தெரியாமல் பிளஸ் போட்டால் அடுத்த பீஸ் 0.04 கூடுதலாக வரும். ஆபரேட்டர் பையன் மெஷின் திரையைப் பார்த்து யோசித்துக்கொண்டு நின்றால் எனக்குப் பொறுக்காது. "தள்ளுப்பா" என்று நகர்த்திவிட்டு நானே போட்டுவிடுவேன். அரை நிமிட வேலை. ஊரில் ஒரு கல்யாணத்துக்காக நான் லீவில் போயிருந்த இரவில், அதே பையன் பிளஸ் போட்டுவிட்டான். அளவு ஏன் ஏறுகிறது என்று புரியாமல் மறுபடியும் பிளஸ். காலையில் ரிஜெக்ஷன் பெட்டியில் நாற்பது பீஸ். மைனஸ் எதற்கு என்று நான் அவனுக்கு ஒரு நாளும் சொல்லித் தந்ததில்லை.

அதற்கப்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன். "நீ என்ன போடப் போற? ஏன்?" என்று கேட்பேன். சரியாகச் சொன்னால் அவனே போடட்டும். தப்பாகச் சொன்னால் விளக்கிவிட்டு மறுபடியும் அவனிடமே விடுவேன். ஆரம்பத்தில் உற்பத்தி கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதை மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆளுக்கு அடிபடுகிற விஷயத்தில் மட்டும் இந்தப் பொறுமை கூடாது. அங்கே முதலில் மெஷினை நிறுத்த வேண்டும், பேச்செல்லாம் பிறகுதான்.

அடுத்தது மொழி. பெங்களூரில் வேலை பார்க்கும் நமக்கென்றே உள்ள தவறு இது. என் ஷிப்டில் கன்னடம், தமிழ், இந்தி, ஒடியா என்று நான்கு மொழிகள். டீ இடைவேளையில் நான் தமிழ்ப் பையன்களோடு மட்டும் நின்று பேசிக்கொண்டிருப்பேன். நாங்கள் பேசியது ஊர்க்கதைதான். ஆனால் தள்ளி நிற்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? ஓவர்டைம் யாருக்கு, லீவு யாருக்கு என்று அங்கேதான் முடிவாகிறது என்று மற்றவர்கள் நினைத்திருக்கிறார்கள். இதை எனக்குச் சொல்ல ஒரு கன்னட ஆபரேட்டருக்கு ஒரு வருடம் பிடித்தது. அன்றிலிருந்து ஓவர்டைம் பட்டியலை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பலகையில் எழுதிவிடுகிறேன். கன்னடமும் ஓரளவு கற்றுக்கொண்டேன். "ஊட்ட ஆய்தா?" என்று ஒருவரிடம் சாப்பாட்டைப் பற்றி அவர் மொழியில் விசாரித்தால், அவர் பிறகு வேலையில் உள்ள சிக்கலையும் நம்மிடம் சொல்வார்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, தலையாட்டுவதைப் பதிலாக எடுத்துக்கொள்வது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் யாருமே புரியவில்லை என்று சொல்ல மாட்டார்கள். "சரி, எப்படிச் செய்யப் போறீங்க, சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது நம் விளக்கத்தில் எங்கே ஓட்டை என்பதும் தெரிந்துவிடும்.

எல்லோர் முன்னிலும் திட்டாதீர்கள். இதைப் பலரும் சொல்லியிருப்பார்கள். பழி மேலிருந்து வரும்போது நாம் எங்கே நிற்கிறோம் என்பது அதைவிடப் பெரிய விஷயம். பீன்யாவிலிருந்து யஷ்வந்தபுரம் தாண்டினால் வருகிற இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்துகொண்டே இஸ்ரோவுக்கும் தலைவராக இருந்தவர் சதீஷ் தவான். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்எல்வி-3 ராக்கெட் தோற்றுக் கடலில் விழுந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் பத்திரிகையாளர்கள் முன் வந்து பொறுப்பேற்றவர் தவான். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் வெற்றி பெற்றபோது கலாமைப் பேசச் சொன்னார். கலாம் இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நம் ஷிப்டில் ரிஜெக்ஷன் ஆனால் மேனேஜரிடம் "அந்தப் பையன் பண்ணிட்டான் சார்" என்று சொல்வதா, "என் ஷிப்டில் நடந்தது, நான் பார்க்கிறேன்" என்று சொல்வதா? மெஷின் பக்கத்தில் நிற்கிறவர்கள் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

கடைசியாக, இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் தலைமைப் பண்பு வந்துவிடும் என்று நம்புவது. வகுப்புக்குப் போங்கள், தவறில்லை. ஆனால் நம் குறை நம் ஆட்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். "நான் எப்படி நடந்துக்கிறேன்?" என்று கேட்டால் "நல்லா இருக்கீங்கண்ணா" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் என்னால உங்க வேலை எங்க நின்னுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். நான் முதல்முறை கேட்டபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "டிராயிங்கை நீங்க மேஜையில வச்சுப் பூட்டிட்டுப் போயிடுறீங்கண்ணா. நீங்க வர்ற வரைக்கும் நாங்க சும்மா நிக்கிறோம்." மறுநாளிலிருந்து, பீஸின் அளவுகள் உள்ள அந்த டிராயிங் மெஷின் பக்கத்திலேயே தொங்குகிறது.